மகப்பேற்று அறையில் முன்கணிப்பு: அறிதலும் அறனும்

முன்னுரை

வருவதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மாந்தரோடு உடன்பிறந்தது. விரிச்சி கேட்டலும், புள் நிமித்தம் பார்த்தலும், கழங்கு இட்டு நோக்கலும் பண்டைத் தமிழர் வாழ்வில் பெற்றிருந்த இடத்தைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. இவ்வேட்கை மிகுந்து நிற்கும் வாழ்க்கை நிகழ்வுகளுள் மகப்பேறு தலையாயது. இரண்டு உயிர்கள் ஒரே வேளையில் இடர்க்கு உள்ளாகும் நிகழ்வு அது. பேற்றுக்கு முன்னரே உயிர் நீத்த கருவுற்ற பெண்களின் நினைவாக ஊர்ப்புறச் சாலைகளில் நடப்பட்ட சுமைதாங்கிக் கற்கள் இன்றும் அவ்விடரின் சான்றுகளாக நிற்கின்றன.

கருவுற்ற மாதங்களில் எடுக்கப்படும் மீயொலிப் பதிவை, அதாவது ஸ்கேனை, இன்று அறியாதார் இலர். பேற்று வலி தொடங்கிய பின்னர், பிரசவ அறையிலேயே, இக்கருவியைக் கொண்டு குழந்தையின் தலை நிற்கும் நிலையை அளந்து, பேறு இயல்பாக முடியுமா, குறடோ வெற்றிடக் கருவியோ வேண்டப்படுமா, அறுவை தேவைப்படுமா எனக் கணிக்கும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. இக்கணிப்பின் மருத்துவச் சிறப்பை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஒரு பெண்ணின் பேறு எவ்வாறு முடியக்கூடும் என்பதை அது முடிவதற்கு முன்னரே அறிந்தவர் அவ்வறிவைக் கொண்டு என்ன செய்தல் அறமாகும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. பிரசவ அறையில் நிகழும் முன்கணிப்பு நிகழ்வுக்குள் புகுந்து அதனை மாற்றும் இயல்புடையது. ஆதலின் அதனைச் 'சரியா, தவறா' என்று அளப்பதோடு அமையாது, ஒரு செயலை அளப்பது போலவும் அளத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கருவி காட்டுவது யாது?

கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் மீயொலியால் வயிற்றினுள் காணும் முறையை 1958-இல் வெளியிட்டனர். அதன்பின் பல்லாண்டுகள் வரை அக்கருவி கருவுற்ற காலத்திற்கு உரியதாகவே கருதப்பட்டது. பேற்று வேளையில் மருத்துவரின் விரல்களே கருவியாக இருந்தன. கருப்பை வாய் எவ்வளவு விரிந்துள்ளது, தலை எவ்வளவு இறங்கியுள்ளது, குழந்தையின் முகம் எத்திசை நோக்கியுள்ளது என்பனவெல்லாம் தொட்டு அறியப்பட்டன.

இத்தொடு அறிவு பிழைக்கு இடந்தருவது. பேற்று மாதிரிக் கருவி ஒன்றைக் கொண்டு பிரான்சில் நடத்தப்பெற்று 2005-இல் வெளிவந்த ஆய்வில், தலை இறங்கிய நிலையின் படித்தரத்தைக் கணிப்பதில் பயிற்சி மருத்துவரும் தேர்ந்த மருத்துவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை பிழை செய்தமை தெரியவந்தது. பட்டறிவு மிக்கோரும் பிழையினின்று தப்பவில்லை என்பது நோக்கத்தக்கது.

இக்குறையை நீக்கவே கருவி பிரசவ அறைக்குள் வந்தது. அதன் அளவைகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, முன்னேற்றக் கோணம். தாயின் இடுப்பு முன்னெலும்பு இணைப்பின் நெடுக்கில் ஒரு கோடும், அதன் கீழ்நுனியிலிருந்து குழந்தையின் மண்டையோட்டைத் தொட்டுச் செல்லும் ஒரு கோடும் வரைந்தால் அவற்றிடையே அமையும் கோணம் அது. தலை இறங்க இறங்கக் கோணம் விரியும். இரண்டாவது, குழந்தையின் மண்டையோட்டிற்கும் தாயின் கீழ்ப்புறத் தோலுக்கும் இடையிலுள்ள தொலைவு. தலை இறங்க இறங்க அது குறையும். மகப்பேற்று மீயொலியியலுக்கான பன்னாட்டுக் கழகம் 2018-இல் இம்முறைக்கு நெறிமுறைகளை வகுத்தது. பேறு முன்னேறாது தயங்கும்போதும், கருவி கொண்டு குழந்தையை எடுக்க முற்படுவதற்கு முன்னரும் இம்முறை பயன்படும் என அது பரிந்துரைத்தது. கோணத்தைத் தாமே அளந்து தரும் மென்பொருள்களும் இன்று வந்துள்ளன.

விரல் பொய்க்கும் இடத்தில் கருவி மெய் சொல்லும் என்பதில் ஐயமில்லை. டப்ளின் நகரில் 514 பெண்களிடம் நடத்தப்பெற்று 2014-இல் வெளிவந்த ஆய்வு இதனை நன்கு காட்டும். கருவியிட்டு எடுப்பதற்கு முன் தலையின் திசையைத் தொட்டு மட்டும் அறிந்த குழுவில் பிழை 20.2 விழுக்காடாக இருந்தது. மீயொலியையும் துணைக்கொண்ட குழுவில் அது 1.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் 'தலை இங்கு நிற்கிறது' என்பது ஒரு கூற்று. 'ஆதலின் பேறு இவ்வாறு முடியும்' என்பது மற்றொரு கூற்று. முன்னது காட்சி, பின்னது கருதல். இந்திய அளவையியல் காட்சியையும் கருதலையும் வெவ்வேறு அளவைகளாகக் கொண்டது போலவே இவற்றையும் பிரித்துக் காணுதல் வேண்டும். திரையில் தெளிவாகத் தெரிவது காட்சி மட்டுமே. அத்தெளிவு கருதலுக்கும் உண்டு என எண்ணும் மயக்கத்திலிருந்தே அறச்சிக்கல் தொடங்குகிறது.

பலரைப் பற்றிய எண்ணும் ஒருத்தியின் உடலும்

நார்வே ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். தலைப்பேற்றின்போது முதற்கட்டம் நீண்டு தயங்கிய 110 பெண்களை அவர்கள் ஆராய்ந்தனர். தலைக்கும் தோலுக்கும் உள்ள தொலைவு 40 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆயின், 93 விழுக்காட்டினர் அறுவையின்றி ஈன்றனர். தொலைவு 50 மில்லிமீட்டரை மிகின், 18 விழுக்காட்டினரே அவ்வாறு ஈன்றனர்.

இவ்வெண்களை இருவகையாகப் படிக்கலாம். '50-ஐ மிகின் அறுவையே முடிவு' எனப் படிப்பது ஒருவகை. '50-ஐ மிகினும் நூற்றுவரில் பதினெண்மர் தாமே ஈன்றனர்' எனப் படிப்பது பிறிதொரு வகை. எண் ஒன்றே, அது காட்டும் வழிகள் இரண்டு. வலியோடு கிடக்கும் பெண் நூற்றுவர் அல்லள், ஒருத்தி. அவள் எண்பத்திருவருள் ஒருத்தியா, பதினெண்மருள் ஒருத்தியா என்பதைக் கருவி கூறாது, கூறவும் இயலாது. சிறு தொகையினரிடம் நிகழ்ந்த ஆய்வாதலின், அந்த 18 என்னும் எண்ணும் உண்மையில் 5 முதல் 48 வரை எங்கும் இருக்கலாம் என்றே ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 'இயல்பாகப் பிறக்கும்' என்னும் கணிப்பு பிழைபட்டால் அப்பிழை வெளிப்பட்டே தீரும். 'அறுவை வேண்டும்' என்னும் கணிப்போ, அதனை நம்பி அறுவை செய்யப்பட்டுவிட்டால், பிழையாக இருந்திருப்பினும் வெளிப்பட வழியே இல்லை. காத்திருந்தால் அவள் தானே ஈன்றிருப்பாளா என்பதை எவரும் எக்காலத்தும் அறியார். தன்னைப் பொய்ப்பிக்கும் வாய்ப்பைத் தானே அழித்துவிடும் கூற்று அது. அத்தகைய கூற்று ஒவ்வொரு முறையும் வெல்வதாகவே தோன்றும். தோன்றத் தோன்ற அதன்மீது நம்பிக்கை வளரும். ஆகவே இருவகைக் கணிப்புகளையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. தன் பிழையைத் தானே மறைக்கும் கணிப்புக்கு மிகுதியான சான்றும் மிகுதியான தயக்கமும் வேண்டப்படுகின்றன.

அறிதலே செயலாதல்

நாளை மழை பெய்யும் என்று கூறுவதால் மழை பெய்வதில்லை. ஆனால் ஒரு வங்கி நொடித்துவிடும் என்று பலரும் கூறின், அச்சொல்லாலேயே அது நொடித்துவிடக்கூடும். இவ்வகைக் கூற்றுகளைத் 'தம்மைத் தாமே மெய்ப்பிக்கும் கணிப்பு' என அமெரிக்கச் சமூகவியலார் இராபர்ட் மெர்ட்டன் 1948-இல் விளக்கினார். பிரசவ அறையின் கணிப்பு இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது?

பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 1900 பெண்களிடம் நடத்தப்பெற்று 2015-இல் வெளிவந்த ஆய்வு இவ்வினாவுக்கு ஒளியூட்டுகிறது. பேற்றின் பிற்பகுதியில் இருந்த பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினர்க்கு விரல் சோதனை மட்டும் செய்தனர். மற்றொரு குழுவினர்க்குத் தலையின் திசையை மீயொலியாலும் பார்த்தனர். மீயொலி பார்க்கப்பட்ட குழுவில் அறுவை 7.8 விழுக்காடாகவும், மற்றைய குழுவில் 4.9 விழுக்காடாகவும் இருந்தது. குறடு முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிடின் அது 33.7-க்கு 27.1 என்றாயிற்று. குழந்தைகளின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு குழுவிலும் உடல்கள் ஒரே தன்மையன. வேறுபட்டது மருத்துவர் அறிந்திருந்த செய்தி மட்டுமே. அறிந்தமையே முடிவை மாற்றியது எனலாம். குழந்தை மேல்நோக்கி முகம் வைத்திருக்கிறது என்று தெரிந்தவுடன் கைகள் விரைகின்றன. தெரியாதிருந்திருப்பின், அடுத்த ஒரு மணி நேரத்தில் அத்தலை தானே திரும்பியிருக்கவும் கூடும்.

இவ்வாறு ஒரு செய்தி விதியாக உறைந்துபோதல் மகப்பேற்று மருத்துவத்திற்குப் புதிதன்று. இமானுவேல் பிரீட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் தலைப்பேற்றுப் பெண்கள் 500 பேரின் பேற்றுப் போக்கை வரைபடமாக்கி 1955-இல் வெளியிட்டார். அது பெண்கள் எவ்வாறு ஈன்றனர் என்பதன் விளக்கமாக இருந்தது. தொலைவான சிற்றூர்களில் பேற்றுத் தடை உற்ற பெண்களைக் காலத்தில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்னும் நன்னோக்கத்தோடு, அன்றைய ரொடீசியாவில் பில்பாட் என்பாரும் அவர்தம் துணைவரும் 1972-இல் எச்சரிக்கைக் கோட்டையும் செயற்கோட்டையும் வகுத்தனர். கருப்பை வாய் மணிக்கு ஒரு செண்டிமீட்டர் விரிய வேண்டும் என்பது நாளடைவில் உலகெங்கும் பிரசவ அறைகளின் சட்டமாயிற்று. பெண்கள் எவ்வாறு ஈன்றனர் என்பது, எவ்வாறு ஈன வேண்டும் என்பதாக மாறியது. அவ்வேகம் பெண்களுள் சிலருக்குப் பொருந்தாத விரைவு எனவும், இயல்பான பேற்றை இனங்காண அதனைக் கொள்ளலாகாது எனவும் உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் கோட்டைத் தாண்டியமையால் மட்டும் முடிக்கப்பட்ட பேறுகள் எத்தனை என்பதைக் கணக்கிட இயலாது. இன்று கோட்டின் இடத்திற்குக் கோணம் வருகிறது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

காலக்கணிதரும் கமலவதியும்

பேற்று வேளையில் உரைக்கப்பட்ட ஒரு கணிப்பு பேற்றையே மாற்றிய நிகழ்வைத் தமிழ் இலக்கியம் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே பதிவு செய்துள்ளது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழ நாயனார் வரலாறு அத்தகையது. திருவானைக்காவில் இறைவனுக்குப் பந்தரிட்ட சிலந்தியே சோழன் சுபதேவனுக்கும் கமலவதிக்கும் மகனாக வந்து தோன்றுகிறது. பேற்று வேளை நெருங்கியபோது, இக்குழந்தை ஒரு நாழிகை கழித்துப் பிறக்குமாயின் மூவுலகும் ஆளும் எனக் காலக்கணிதர் கூறுகின்றனர். அதனைக் கேட்ட கமலவதி, பேறு காலந்தாழ்க்கும்படி தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்குமாறு பணிக்கிறாள். அவ்வாறே செய்கின்றனர். குறித்த வேளையில் இறக்கப்பட்டுக் குழந்தையை ஈன்ற அவள், சிவந்த கண்களோடு பிறந்த மகனை அன்பொழுக விளித்து, அப்போதே உயிர் நீக்கிறாள்.

இவ்வரலாறு பத்தி நெறியில் பொருள் கொள்ளப்படுவது. எனினும் முன்கணிப்பின் அறம் என்னும் நோக்கில் மூன்று கூறுகள் இதில் உள்ளன. முதலாவது, கணித்தவர் செய்யச் சொன்னது எதுவும் இல்லை. 'இன்னவாறு ஆயின் இன்னது விளையும்' என்றே கூறினர். சொல் செயலாக மாறுவதற்கு ஆணை வேண்டுவதில்லை. கேட்பவர் நெஞ்சில் குழந்தைமீதுள்ள அன்பே போதுமானது. இன்றைய பிரசவ அறையிலும் 'குழந்தைக்குச் சிரமம் ஆகலாம்' என்னும் ஒரு தொடரே பெரும்பாலும் போதுமானதாகிவிடுகிறது. இரண்டாவது, கணிப்பு மகனின் எதிர்காலத்தைப் பற்றியதாக இருந்தது. தாய்க்கு என்ன நேரும் என்பதைக் காலக்கணிதர் கூறினாரல்லர். கணிப்பு எதனைக் கூறுகிறது என்பதோடு எதனைக் கூறாது விடுகிறது என்பதும் அறத்தின்பாற்பட்டது. கோணமும் தொலைவும் இப்பேற்றின் முடிவை மட்டும் சுட்டுவன. அறுவையால் அடுத்த கருவில் நச்சுக்கொடி தழும்பில் பற்றிக்கொள்ளும் இடர் மிகுதல், உடல் தேறும் காலம் நீளுதல், செலவு பெருகுதல் ஆகியன அத்திரையில் தெரிவதில்லை.

மூன்றாவது, முடிவு செய்தவள் கமலவதியே. அவளை எவரும் வற்புறுத்தவில்லை. இதனால் அம்முடிவு முழுமையான உரிமையோடு எடுக்கப்பட்டதாகுமா? வலியின் நடுவில், காலம் குறுகிய நிலையில், மாற்றுவழி எதுவும் முன்வைக்கப்படாத இடத்தில் அளிக்கப்படும் இசைவு இசைவே எனினும், அது குறையுடைய இசைவு எனல் வேண்டும். நல்ல நேரம் பார்த்து அறுவைக்கு நாள் குறிக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருத்தலை எண்ணின், காலக்கணிதரும் கருவியும் ஒருவர்க்கொருவர் தொலைவில் இல்லை என்பது புலனாகும்.

வேலனும் தோழியும்

உடலைப் பிறர் படித்துக் கூறுதல் பற்றிய மற்றொரு சிந்தனையை அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை தருகிறது. தலைவியின் மெலிவைக் கண்டு அஞ்சிய தாய், கட்டுவிச்சியையும் வேலனையும் அழைக்கிறாள். முறத்து நெல்லும் கழங்கும் அவர்தம் கருவிகள். அவர்கள் 'இது முருகு' என்கின்றனர். நோயின் காரணத்தைத் தலைவி அறிவாள், தோழியும் அறிவாள். ஆனால் குறி பார்ப்பவர் அவளை வினவுவதில்லை. அவளைச் சுற்றியிருப்போரிடமே பேசுகின்றனர். இத்துறைப் பாடல்களில் அமைந்த எள்ளல் இவ்விடத்தே பிறக்கிறது.

மீயொலியும் கழங்கும் ஒன்று எனக் கூறுவது இங்குக் கருத்தன்று. முன்னது சோதித்து அறியப்பட்ட இயற்பியல் விதிகளின்மேல் நிற்பது. பின்னது அவ்வாறு நிற்பதன்று. ஒப்புமை, கருவியைச் சூழ்ந்த உரையாடலில் உள்ளது. திரை எத்திசை நோக்கித் திரும்பியுள்ளது, சொல் எவர் செவியில் விழுகிறது என்பன வினாக்கள். கணிப்பு மருத்துவரிடமிருந்து செவிலியர்க்கும், செவிலியரிடமிருந்து வெளியே நிற்கும் கணவர்க்கும் மாமியார்க்கும் சென்று, இறுதியில் கையொப்பத்திற்கு மட்டும் அப்பெண்ணிடம் வருமாயின், வெறியாட்டுக் களம் மீண்டும் அமைகிறது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு அப்படிவம் அவள் படிக்க இயலாத மொழியில் இருத்தலும் உண்டு.

அகமரபில் இச்சிக்கலைத் தீர்ப்பவள் தோழி. அவள் அறத்தொடு நிற்கிறாள். தலைவி கூற இயலாததைத் தலைவியின் சார்பில், உரியவரிடம், உரிய வேளையில் கூறுகிறாள். அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையில் உடனிருக்கும் பெண் துணைக்கு நடுவணரசு 2016-இல் இசைவளித்தது. ஆறுதல் கூறுவதோடு, 'காத்திருந்தால் என்ன ஆகும்?' என்று அவள் பொருட்டு வினவுவதும் அத்துணையின் கடமை எனக் கொள்ளின், தோழியின் பழைய பணி புதிய இடத்தில் தொடர்வதாகும்.

கூறாமை அறமாகுமா?

இத்துணை இடர் உண்டெனின், கணிப்பையே தவிர்த்துவிடலாமே எனச் சிலர் கருதலாம். அக்கருத்துக்கு இந்நாட்டில் ஒரு முன்மாதிரியும் உள்ளது. கருவின் பாலினத்தை அறிவித்தலை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஓர் அறிவு உயிருக்கே இறுதியாகுமாயின் அதனைக் கூறாமையே அறம் என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கு அறிவு பயன்பட்டது பெண்கருவைக் கொல்வதற்கு. இங்கு அதே அறிவு தாயைக் காக்கவும் பயன்படும். தலை தவறான திசையில் நிற்பதை அறியாது குறடு இடுதலும், இறங்காத தலைக்காகப் பல மணி நேரம் காத்துப் பின்னர் இடுப்பெலும்பில் இறுகிய நிலையில் அறுவை செய்தலும் இரு உயிர்க்கும் கேடு தருவன. அறிய வழியிருந்தும் அறியாதிருத்தல் அங்கு அறமாகாது. மேலும், தலை நன்கு இறங்கியுள்ளது எனக் கருவி காட்டும் இடத்தில், தேவையற்ற அறுவையைத் தடுக்கவும் அக்காட்சியே துணையாகும். தன் குழந்தையின் தலை இறங்கி வருவதைத் திரையில் தானே காணும் பெண் பெறும் ஊக்கமும் சிறியதன்று.

ஆகவே வினா, கூறுவதா மறைப்பதா என்பதிலிருந்து எவ்வாறு கூறுவது என்பதற்கு நகர்கிறது. நோய்க்கு மருந்து செய்பவன் நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செயற்பட வேண்டும் எனத் திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறுகிறார். இவ்வரிசையில் ஆள் முதலில் வைக்கப்பட்டிருப்பதும், அடுத்து வரும் குறளில் நோயுற்றவனும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒருவனாக எண்ணப்பட்டிருப்பதும் சிந்திக்கத்தக்கன. மருத்துவம் செய்யப்படும் பொருளாக மட்டும் அல்லாமல், மருத்துவத்தில் பங்குடையவனாகவும் அவன் கொள்ளப்படுகிறான். உச்சநீதிமன்றம் 2008-இல் வழங்கிய தீர்ப்பொன்று, நோயறியும் சோதனைக்கு அளித்த இசைவைச் சிகிச்சைக்கு அளித்த இசைவாகக் கொள்ளலாகாது என வரையறுத்தது. பார்ப்பதற்கு இசைந்தவள் அறுப்பதற்கும் இசைந்தவள் ஆகாள் என்னும் இத்தெளிவு பிரசவ அறைக்கு மிகவும் பொருந்துவது.

இவற்றிலிருந்து நான்கு கடப்பாடுகளைத் தொகுக்கலாம். கணிப்பு முதலில் அப்பெண்ணுக்கே, அவள் மொழியில், கூறப்படுதல் வேண்டும். காட்சியும் கருதலும் பிரித்துக் கூறப்படுதல் வேண்டும். எண்ணின் இரு பக்கங்களும், எண்பத்திரண்டோடு பதினெட்டும், கூறப்படுதல் வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் உடனடி இடர் இல்லாதவிடத்துக் காத்திருத்தலும் ஒரு வழியாக முன்வைக்கப்படுதல் வேண்டும்.

இக்கடப்பாடுகள் வெறும் நூலறிவு சார்ந்தன அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் அறுவைப் பேறு 21.5 விழுக்காடு, அரசு நிலையங்களில் 14.3, தனியார் நிலையங்களில் 47.4. தமிழ்நாட்டில் மொத்தமே 44.9 விழுக்காடு. ஒரே நாட்டுப் பெண்களின் உடல்கள் நிலையத்திற்கு நிலையம் இத்துணை வேறுபடா. அறுவையை நோக்கி ஏற்கெனவே சாய்ந்துள்ள இடத்தில் வைக்கப்படும் கருவி, அச்சாய்வுக்கு அறிவியல் சான்று வழங்கும் முத்திரையாகவும் ஆகலாம். அச்சாய்வைக் கேள்விக்கு உட்படுத்தும் அளவுகோலாகவும் ஆகலாம். எதுவாகும் என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை.

முடிவுரை

திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு; ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஊழின் வலிமையை உரைத்தவரே தளராது முயல்வோர் அதனையும் பின்னிடச் செய்வர் என்றும் உரைத்தார். முரண்போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் உடன் நிற்றலே வாழ்வின் இயல்பு. பிரசவ அறையின் முன்கணிப்பும் அவ்வாறே கொள்ளத்தக்கது. கோணம் குறுகியிருத்தல் ஓர் உண்மை. அடுத்த வலியில் அது விரியக்கூடும் என்பதும் ஓர் உண்மை. முன்னதை மட்டும் கூறுவோர் கணிப்பை ஊழாக்கிவிடுகின்றனர். இரண்டையும் கூறுவோர், ஈனும் பெண்ணின் ஆள்வினைக்கு இடம் விட்டுவைக்கின்றனர்.

கமலவதியிடம் காலக்கணிதர் கூறாது விட்டது, அவளுக்கு என்ன நேரும் என்பது. அதனையும் கூறியிருப்பின் அவள் வேறு முடிவெடுத்திருப்பாள் எனத் துணிந்துரைக்க இயலாது. மகனுக்காக அதையே தேர்ந்திருக்கவும் கூடும். ஆனால் அப்போது அது முழுதும் அறிந்து அவள் எடுத்த முடிவாக இருந்திருக்கும். முன்னறிவு உடையவர் அதனை இல்லாதவர்க்குச் செய்ய வேண்டிய கடன் அதுவே எனலாம்.